மேஸ்திரி கணக்கு 2.95 லட்சம், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எவ்வளவு?

கேள்வி: சார், தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. அப்பா 1998-ல் கட்டியது. 620 சதுர அடி, ஒரே தளம், மேலே மொட்டை மாடி. துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு 34,000 வரும். மனைவி தையலில் 8,000 பார்க்கிறார். வீட்டுச் செலவு 30,000, சீட்டுக்கு 5,000 போக மாதம் 7,000 மிஞ்சும். வங்கியில் 1,30,000 இருக்கிறது. தை மாதம் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். அதற்குள் வீட்டைச் சரிசெய்ய மேஸ்திரி 2,95,000 கேட்கிறார். மாடித் தளத்துக்கு 72,000, ஓதம் ஏறிய கீழ்ச்சுவரைக் கொத்திப் பூச 38,000, வயரிங் 34,000, உள்ளும் வெளியும் பெயின்ட் 78,000, பாத்ரூம் டைல்ஸ் 46,000, கிச்சன் கப்போர்டு 27,000. (பாத்ரூம் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, அதையும் சும்மாவே பூசித் தருகிறாராம்.) 3 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், மூன்று வருடம் என்று வங்கியில் தயாராக இருக்கிறார்கள். வரிச் சலுகையும் உண்டாம். மைத்துனர் ஒரு லட்ச ரூபாய் சீட்டைத் தள்ளி எடுக்கச் சொல்கிறார். ஒன்பது மாதம் கட்டியாகிவிட்டது, மொத்தம் இருபது மாதம். நானோ யூடியூப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்தால் பாதி மிச்சம் என்று நினைக்கிறேன். ஞாயிறு டியூட்டிக்குப் போனால் 1,100 தருவார்கள், மாதம் இரண்டு முறையாவது கூப்பிடுவார்கள். எது சரி?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்த வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. மேஸ்திரி பட்டியலில் அதற்கு விலைகூட இல்லை. காசிமேட்டுக் கடல் உங்களுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்றும் பாத்ரூம் ஈரமும் சேர்ந்தால் கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். காரை விழுவது அதனால்தான். அதன்மேல் சிமென்ட்டை அப்பிவிட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும், உள்ளே துரு பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடியிருப்பு வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது நினைவிருக்கும். விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்கூட்டியே வெளியே வந்ததால்தான் உயிர்கள் தப்பின. உங்கள் வீடு அந்த நிலையில் இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் கம்பி தெரிகிற கூரையை மேஸ்திரியோ யூடியூபோ தீர்மானிக்கக் கூடாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, தட்டிப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. அவர் சொல்லும்வரை டைல்ஸுக்கோ பெயின்டுக்கோ யாரிடமும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கூரையில் பெரிய வேலை இருக்கிறது என்று அவர் சொன்னால், கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் பெயின்ட்தான் முதலில் அடிபடும்.

அடுத்து லோன். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 10,250. மாதம் 7,000 மிஞ்சும் வீட்டில் அது எங்கிருந்து வரும்? சீட்டை நிறுத்தவும் முடியாது. மொத்தம் கட்டுவது 3,69,000, அதாவது வட்டி மட்டும் 69,000. மாடித் தளத்துக்கு மேஸ்திரி கேட்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். நிச்சயம் முடிந்தால் கல்யாணம் வரும். அன்றைக்கும் இந்த இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் அடுத்த கடனுக்கு அலைவீர்கள். வரிச் சலுகைப் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 வரை கழிக்கலாம் என்பது பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு நாலு லட்சத்துச் சொச்சம். புதிய திட்டத்தில் 12 லட்சம் வருமானம் வரை வரியே வராது. கட்டாத வரியில் எதைச் சலுகையாகக் கழிப்பது?

மைத்துனர் யோசனை இதைவிடச் செலவு பிடித்தது. பத்தாவது மாதத்தில் எடுக்க, சீட்டு 18,000 தள்ளிப் போகிறது என்று வையுங்கள். கைக்கு 82,000. நடத்துபவர் கமிஷன் எப்போது எடுத்தாலும் உண்டு, அதை விடுங்கள். பத்து மாதம் முன்னால் எடுப்பதற்காக 82,000-க்கு 18,000 விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 26 சதவீதத்துக்குக் குறையாது. கடைசிவரை இருந்தால் வைகாசியில் தள்ளு இல்லாமல் வரும். அது பதிவு செய்த சீட்டுதானா, பாஸ்புக்கில் பதிவு எண் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் வைகாசியை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

இனி நீங்கள் ஆசைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நானே செய்தால் கூலி மிச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது பாதிதான் உண்மை, ஏனென்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு 1,100 ரூபாய் விலை இருக்கிறது. நல்ல பெயின்டரின் நாள் கூலியும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்கள் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொள்ளும் சுவரை அவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். டியூட்டியை விட்டுவிட்டு ரோலரைப் பிடித்தால், 2,200-ஐ இழந்து 1,100-ஐ மிச்சம் பிடித்த கணக்காகிவிடும். அதனால் கூப்பிட்ட ஞாயிறுகளில் டியூட்டிக்குப் போங்கள். கூப்பிடாத ஞாயிறுகள் வீட்டுக்கு.

அந்த ஞாயிறுகளில் என்ன செய்வது? கைத்திறன் வேண்டாத, உழைப்பு மட்டும் வேண்டிய வேலைகள். பழைய பெயின்டைப் பட்டி பிளேடால் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஓதச் சுவரைக் கொத்தி எடுப்பது, ரப்பீஸை, அதாவது கொத்திப்போட்ட இடிபாட்டை, சாக்கில் கட்டுவது. கான்ட்ராக்டில் பாதி நாள் இதற்குத்தான் போகிறது, அதற்கும் பெயின்டர் கூலியையே போடுகிறார்கள். இதில் தப்பு நேர்ந்தாலும் பெரிதாக நஷ்டமில்லை. முகத்துக்குத் துணியும் கண்ணாடியும் மட்டும் கட்டாயம். ரப்பீஸைத் தெருமுனையில் கொட்டாதீர்கள், மாநகராட்சி அபராதம் போடும்.

பெரிய மிச்சம் இருப்பது வேறிடத்தில்: மேஸ்திரியிடம் மொத்தமாகக் கான்ட்ராக்ட் விடாமல், பொருளை நீங்கள் வாங்கி, ஆளை நாள் கூலிக்கு வைப்பது. உள்சுவருக்கு மட்டும் பார்ப்போம். 620 சதுர அடி வீட்டில் கூரையும் சேர்த்து அடிக்க வேண்டியது சுமார் 2,000 சதுர அடி. சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு முப்பது லிட்டர் பிடிக்கும். பிரைமர், ஆங்காங்கே பார்க்கப் பட்டி, பிரஷ், ரோலர் எல்லாம் சேர்த்துப் பொருள் 15,000. சுரண்டித் தேய்த்து நீங்கள் தயாராக வைத்த சுவருக்குப் பெயின்டர் எட்டு நாள், 9,000. மொத்தம் 24,000. மேஸ்திரி 78,000-ல் உள்சுவருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், ஐம்பதாயிரத்தை ஒட்டிச் சொல்வார்.

பெயின்ட் வாங்கும்போது ஒரு சங்கதி. பல கம்பெனி டப்பாக்களில் டோக்கன் இருக்கும், பெயின்டர் அதைக் கடையில் கொடுத்துக் காசாக்கிக்கொள்வார். எந்த பிராண்ட் நல்லது என்று அவர் அடித்துச் சொல்வதில் டோக்கனுக்கும் பங்கு உண்டு. சண்டை வேண்டாம். நீங்கள் முடிவு செய்த பெயின்டை நீங்களே வாங்குங்கள், டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், டோக்கனை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பெயின்டில் தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று டப்பா மேலேயே போட்டிருக்கும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாடிக்கு 72,000 கொடுக்கும் முன், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். தளம் முழுக்க ஒழுகுவது அரிது. பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாய் வாயிலும்தான் ஒழுகும். இன்ஜினியர் சரி என்று சொன்ன பிறகு, பாத்ரூம் பக்கத்தை விட்டுவிட்டு, குழாய் வாயைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரம் தெரியும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மூலைகளில் மட்டும் என்றால் பாசியைத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிப்பது நீங்களே செய்யக்கூடிய வேலை. பொருள் 12,000 ஆகும். ஓடு பதித்த தளம் போல நெடுநாள் வராது. சில மழைக்காலம் தாங்கினால் போதும், அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும்.

கீழ்ச்சுவர் ஓதத்தில்தான் வடசென்னைக்காரர்கள் திரும்பத் திரும்பப் பணத்தைக் கரைக்கிறார்கள். நிலத்தடி ஈரம் சுவரில் ஏறி, உப்புப் பூத்து, பூச்சை உதிர்க்கிறது. மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய ஒரு மாதமாவது ஆறப் போட வேண்டும். மேஸ்திரி காலையில் கொத்திச் சாயங்காலம் பூசுவார், அடுத்த வருடம் மறுபடி உதிரும். நீங்களே ஆடியில் கொத்தினால் ஆவணி வரை ஆறும், அந்தப் பொறுமைக்குக் காசில்லை. கலவைக்கும் தெளிப்புக்கும் போர் தண்ணீரைத் தொடாதீர்கள். நம் பக்கத்து போர் பெரும்பாலும் உப்பு, அது சுவருக்குள்ளேயே உப்பை வைத்துப் பூசுவதற்குச் சமம். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பூசி நன்றாக ஆறிய பிறகு, பெயின்டுக்கு முன்னால் ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஓதம் இன்னும் இருக்கிறது, பெயின்டைத் தள்ளிப் போடுங்கள். அறைப் பக்கம் மட்டும் என்றால் அது காற்று ஈரம். கொத்தனார், சித்தாள் நாள் கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 18,000.

வயரிங்கில் கை வைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பட்டியலில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.-யும் எர்த்தும் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வயர், சுவிட்ச் எல்லாம் பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் நீங்களே பில் போட்டு வாங்கினால் 28,000-க்குள் முடிக்கலாம். வயர் போகச் சுவரில் காடி அடிக்கும் வேலை பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். மாற்றிச் செய்தால் புதுப் பூச்சை உடைப்பீர்கள்.

வெளிச்சுவருக்கு ஏணியும் சாரமும் வேண்டும், இந்த வருடம் விடுங்கள். வாசல் பக்கம் மட்டும் அடித்தால் போதும். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் கிச்சன் கப்போர்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை, அதுவும் வேண்டாம். பாத்ரூம் டைல்ஸ் வைகாசியில், சீட்டுப் பணத்தில்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 1,30,000-ல் 60,000-ஐத் தொடாதீர்கள். அது உங்கள் இரண்டு மாதச் செலவு, அதற்குக் கீழே போகக் கூடாது. மீதி 70,000. ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாத மிச்சம் 42,000, ஞாயிறு டியூட்டி 13,200. ஆக 1,25,200. நிச்சயதார்த்தச் செலவைக் கடிதத்தில் எழுதவே இல்லை. சாப்பாடு, தட்டு, புடவை என்று 30,000 எடுத்து வைத்தேன். வீட்டுக்கு 95,200. செலவுப் பக்கம்: இன்ஜினியரும் பாத்ரூம் கூரையும் 15,000, மாடி 12,000, வயரிங் 28,000, கீழ்ச்சுவர் 18,000, உள் பெயின்ட் 24,000. மொத்தம் 97,000. கொஞ்சம் இடிக்கிறது, வாசல் பக்கத்தைச் சேர்த்தால் இன்னும் இடிக்கும். பின்பக்க அறைக்கு அடிப்பதைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ஆனி முடிவதற்குள் இன்ஜினியர் வந்து போகட்டும். ஆடியில் புது வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் சும்மா இருப்பார்கள், கூலி படியும். மாடியையும் வயரிங்கையும் அப்போதே முடியுங்கள், சாயங்கால மழையைப் பார்த்துக் கோட்டிங் அடியுங்கள். ஆவணிக் கடைசியில் பூச்சு. முன்னறைக்குப் பெயின்ட் புரட்டாசியில், ஐப்பசி மழை பிடிப்பதற்குள். மார்கழிக்கு என்று வைத்தால் பொங்கல் அவசரத்தில் பெயின்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் கூலி ஏற்றிக் கேட்பார். மேஸ்திரியைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழ்ச்சுவர்ப் பூச்சை நாள் கூலிக்கு அவரிடமே கேளுங்கள், சிமென்ட் உங்கள் பில்லில் வரட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அவர் கொடுத்த கணக்கில் மூட்டை என்ன விலைக்குப் போட்டிருக்கிறது என்று கடையில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.