ஆய்வேட்டுக்கு நம்பகமான ஆதாரங்களை எங்கே, எப்படித் தேடுவது?

முதல்முறையாக ஆய்வேடு எழுதுகிறீர்கள், இணையத்தில் கிடைப்பதில் எதை நம்புவது என்று தெரியவில்லை, எந்தத் தளத்தில் தேடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தளங்களைச் சொல்கிறேன். ஆனால் தளத்தைவிட முக்கியமான ஒன்றை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் இயலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நெறியாளர் அடிக்குறிப்புகளைத்தான் முதலில் பார்த்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இதை நீ படிச்சியா?" என்று கேட்டார். படிக்கவில்லை. இன்னொருவர் கட்டுரையில் அந்த மேற்கோளைப் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அன்று இரவே மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படித்தேன். நான் எழுதியிருந்த செய்தி அதில் இல்லவே இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. பசலைக்கீரைக் கதையைக் கேட்டிருப்பீர்கள்: 19ஆம் நூற்றாண்டில் யாரோ தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால், அதில் இரும்புச்சத்து பத்து மடங்கு அதிகம் என்று உலகம் நம்பிவிட்டதாம். 1981இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வந்தபோது, அதற்கு எந்தச் சான்றும் காட்டப்படவில்லை. ஆனாலும் அதன்பின் பலர் அதை எடுத்து எழுதினார்கள். 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். அந்தத் தசமப் புள்ளிப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கவனமாக இருங்கள் என்று மற்றவர்களை எச்சரிப்பதற்காகச் சொல்லப்பட்ட கதையையே யாரும் சரிபார்க்கவில்லை! அதனால்தான், நான் கையில் எடுத்துப் படிக்காத எதையும் இப்போது மேற்கோள் காட்டுவதில்லை.

சரி, தேடலுக்கு வருவோம். உங்கள் தலைப்பில் அண்மையில் வந்த ஒரு மீளாய்வுக் கட்டுரையைப் பிடியுங்கள். அந்தத் துறையில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கட்டுரை அது. அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கிப் போகலாம். அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையைத் தேடினால், அதைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்பு கீழேயே இருக்கும். அது முன்னோக்கிப் போகும் வழி. இப்படி இரண்டு பக்கமும் நடந்தால், திரும்பத் திரும்ப எதிர்ப்படும் பெயர்கள் தெரிந்துவிடும். வெறும் தேடுசொல்லை மாற்றி மாற்றிப் போட்டு நான் வீணாக்கிய மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் தானாகத் திரட்டுகிறது, தரம் பார்த்துச் சேர்ப்பதில்லை. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் (PubMed) என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடுங்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியலுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) என்ற தளம் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் முன்பதிப்புகள், சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே ஏற்றப்படுபவை. அச்சான வடிவம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்விதழ் என்று பெயர் வைத்துக்கொண்டதெல்லாம் ஆய்விதழ் ஆகிவிடாது. 2013இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் வேண்டுமென்றே பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு, அதாவது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு, அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஓர் இதழின் மீது சந்தேகம் வந்தால், அதன் ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சில நாட்களில் வெளியிட்டுத் தருவோம் என்று உறுதி கொடுக்கும் இதழை நான் தொடுவதே இல்லை.

நல்ல இதழில் வந்தாலும் வேலை முடியவில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை வந்தது 1998இல், லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழில். அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் எத்தனை பேர் அதை நம்பியிருப்பார்கள்! ஆகவே கட்டுரையின் இன்றைய நிலையை இதழின் சொந்தப் பக்கத்திலேயே பாருங்கள். எங்கோ இறக்கி வைத்த பழைய பிடிஎஃப் அதைச் சொல்லாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் கலந்து வருகின்றன. தலைப்பும் ஆண்டும் கச்சிதமாக இருக்கும். கட்டுரைக்கென்று தரப்படும் தனி அடையாள எண்ணான டிஓஐ (DOI) எண்ணைப் போட்டுத் திறந்து, அதே தலைப்பு வருகிறதா என்று பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள்.

பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்று வந்தால், ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற பிரதிகளைக் காட்டும் இணைப்பைத் திறந்து பாருங்கள். பல நேரம் கட்டுரையை எழுதியவரே ஏற்றிவைத்த பிரதி கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், அல்லது எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் தயங்கித் தயங்கி நான்கு வரி எழுதிய ஒரு பேராசிரியர், மறுநாளே கட்டுரையை அனுப்பினார். கூடவே, நான் கேட்காமலே, அதன் முடிவை மறுத்து வந்த இன்னொரு கட்டுரையையும் இணைத்திருந்தார்.