முப்பத்தொராம் நாள் மலரில் அப்பாயி

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பாயி தவறிப் பதினெட்டு நாளாகிறது. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். பிறகு பதினான்கு வருடம் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) ஆயா. முப்பத்தொராம் நாளுக்கு 16 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போடுகிறோம். அச்சகத்தில் மாதிரி ஒன்று தந்தார்கள்: பிறப்பு, திருமணம், மக்கள், சிவபுராணம், நன்றி நவிலல். "பக்தி மிக்கவர், குடும்ப விளக்கு, எல்லோருக்கும் உதவியவர்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவர் பிறந்த வருடத்திலேயே பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் தகராறு. எங்கே தொடங்குவது?

ச., மஸ்கெலியா, இலங்கை

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதிய மூன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த வரிகளை அப்படியே எடுத்துப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கிழவியின் மலரிலும் போடலாம். பக்தி, குடும்பம், உதவி என்று மூன்று தலைப்புப் போட்டதும்தான் பேனா நின்றிருக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு அவை தனித்தனி நேரத்தில் நடப்பவை அல்ல. விரத நாளிலும் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகத்தான் வேண்டும். கேத வீட்டுக்குச் சோறாக்கிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே தன் வீட்டு அடுப்பையும் மூட்டத்தான் வேண்டும். ஆகவே குணத்தை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று தேடுங்கள்.

முதலில் தகரப் பெட்டியைத் திறந்து பழைய சம்பளத் துண்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். பெண்களின் சம்பளத்தைப் புருசன்மார் போய் வாங்கும் வழக்கம் வெகுகாலம் இருந்ததால், அவை தாத்தாவின் சாமான்களோடு கிடக்கக்கூடும். துண்டில் எல்லோரும் கடைசித் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சம்பளத்தில் பிடித்த கழிவுகளைப் பாருங்கள். கோயிலுக்கு இவ்வளவு, தொழிற்சங்கச் சந்தா இவ்வளவு, மரண சகாய நிதிக்கு இவ்வளவு, சலவைக்காரருக்கும் நாவிதருக்கும் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அவருடைய பக்தியையும் ஊருக்குச் செய்ததையும் ரூபாய் சதத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரே தாள் அதுதான். ஒரு துண்டைப் படமெடுத்து ஒரு பக்கம் முழுக்கப் போட்டு, கீழே அந்த மாதம் எத்தனை 'பேர்' (வேலை நாள்) விழுந்தது என்று எழுதுங்கள். 1984க்கு முந்திய துண்டாக இருந்தால் தாத்தாவின் துண்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த வருடம் வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணுக்குக் கீழே இருந்தது. இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

பிறந்த வருடத் தகராறுக்குப் பழைய அடையாள அட்டை ஓரளவு உதவும். ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 47, பிறகு 562 என்றிருந்தால் 500ஐக் கழித்து 62. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ண வேண்டும். ஆக 1947 மார்ச் 2. பலரும் இங்கே 28 என்று எண்ணி ஒரு நாள் தவறுகிறார்கள். ஜனவரி முதலாந் திகதி என்று வந்தால் யாரோ உத்தேசமாகப் போட்டது என்று சந்தேகப்படலாம். எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். 1948, 1949 பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பிறகு நம்மவர்களில் எத்தனையோ பேர் நாடற்றவராக இருந்த கதை அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. பிரஜாவுரிமைச் சான்றிதழ் அகப்பட்டால் அதன் திகதியை மலரில் போடுங்கள். அதுவும் அவர் வாழ்க்கையில் ஒரு நாள். சேமலாப நிதித் (ஈ.பி.எஃப்.) தாளை வைத்து மட்டும் வேலையில் சேர்ந்த வருடத்தை எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டமே 1958இல் வந்தது. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் பணத்தை எடுத்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. பிறகு மறுபடி பதிந்திருப்பார்கள்.

பெயர் எழுத்தும் ஒரு தொல்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, செக்ரோலில் (தோட்டத்துப் பெயர்ப் பதிவில்) ஒன்று, அட்டையில் வேறொன்று. லயத்தில் எப்படிக் கூப்பிட்டார்களோ அதை அட்டைப் பக்கத்தில் போட்டு, மற்றவற்றை உள்ளே சொல்லுங்கள்.

இனி விசாரிப்பது. பெரியப்பாவை உட்காரவைத்து "அப்பாயி எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் தங்கமானவர் என்றுதான் சொல்வார். அவரோடு பக்கத்து நெரையில் (கொழுந்தெடுக்கும் வரிசையில்) நின்ற பெண்களிடம் போங்கள். சும்மா உட்கார்ந்து கேட்காமல், அவர்கள் ரொட்டி சுடும்போதோ கீரை ஆயும்போதோ கேளுங்கள். கை ஓடினால் வாயும் ஓடும். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார்? படங்கு (இடுப்பில் சுற்றும் சாக்கு) கட்ட யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காலையில் நெரை பிடித்ததும் 'பொலி' என்று வாழ்த்துச் சொன்னது யார்? அட்டை கடித்தால் எதைத் தேய்த்தார்? "நாற்பது றாத்தல் எடுப்பாள்" என்று யாராவது சொன்னால், அது கிலோ வருவதற்கு முந்திய ஞாபகம். ஏறக்குறைய 18 கிலோ என்று அடைப்பில் போடுங்கள், றாத்தலை அழிக்காதீர்கள்.

வருடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. பஞ்ச காலத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்: 1973, 74. வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போனது 1975, புதுக் கம்பனிக்காரர் வந்தது 1992. "தங்கச்சி கப்பல் ஏறின பிறகு" என்றால் இந்தியாவுக்கு ஆளனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்கும் கப்பல் நின்ற 1984க்கும் நடுவில். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உறவு இருந்தால் இன்றைக்கே தொலைபேசியில் பேசுங்கள். அங்கே போனவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும், அதில் வயதும் உறவுமுறையும் இருக்கும். இங்கே தொலைந்த தகவல் பல சமயம் அங்கே பத்திரமாக இருக்கிறது.

பக்தியைப் பற்றி ஒரே கேள்வி போதும்: யாருக்காக, என்ன நேர்ந்துகொண்டார்? பால்குடமா, மாவிளக்கா, தீமிதிப்பா? எந்தப் பிள்ளைக்கு எந்தக் காய்ச்சலின்போது? நேர்த்திக்கடனைக் கேட்டால் குடும்பக் கதை தானாக வந்துவிடும். சிவபுராணம் 95 அடி, நான்கு பக்கத்தைத் தின்றுவிடும். அவர் அதைப் பாடியவரென்றால் போடுங்கள். மாரியம்மன் தாலாட்டோ, தானே கட்டிய ஒப்பாரியோ பாடியவரென்றால் அந்த நான்கு பக்கத்தை அதற்குக் கொடுங்கள். யாருக்கு வரிகள் நினைவிருக்கிறதோ அவரைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்து, வாயில் வந்தபடியே எழுதுங்கள். 'வந்தியளோ' என்பதை 'வந்தீர்களோ' என்று திருத்தினால் ராகம் செத்துவிடும்.

பிள்ளைக் காம்பராப் பதினான்கு வருடத்துக்கு ஒரு பத்தி போதாது. பெரட்டுக்கு முன் எத்தனை பிள்ளைகள் வந்தன, எத்தனை சேலைத் தொட்டில் கட்டினார், தாய்மார் பால் கொடுக்க எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கினார்கள், வரப் பிந்தியபோது அழுகிற பிள்ளையை என்ன சொல்லி அமர்த்தினார், திரிபோஷா சத்துமாவை எப்படி உருட்டிக் கொடுத்தார் என்று மூன்று பக்கம் எழுதலாம்.

அச்சு வேலை: பக்கம் எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், உங்கள் 16 சரி. பக்கத்துக்கு 200 சொல்லுக்கு மேல் திணிக்காதீர்கள், படிக்கப் போகிறவர்கள் வயசாளிகள். அடையாள அட்டைப் படத்தைப் பெருக்கினால் முகம் கரைந்துவிடும். கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுப்பது மேல். குடும்ப மரத்தில் மகன்களின் பெயரை மட்டும் போட்டு மருமக்களை "மனைவி" என்று விடும் பழக்கம் வேண்டாம். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊற்றியது அவர்களாகத்தான் இருக்கும்.

பின்னட்டையில் நன்றி நவிலலை இரண்டு வரியில் முடித்துக்கொண்டு, பிள்ளைக் காம்பராவில் அவர் வளர்த்த பிள்ளைகளின் பெயர்களைப் போடுங்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. பதின்மூன்று நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு நான்கு நாள் விட்டால் உங்களுக்கு ஒன்பது. பிழைபார்க்கும் தாளைப் பெரியப்பாவிடம் கொடுக்காதீர்கள், அத்தையிடம் கொடுங்கள்.