கொக்கு போட்ட சீனத் துணி: ராணியோடதா?

சிங்கப்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: பழைய சாமான் கடையில ஒரு அடி சதுரத்துல பட்டு எம்பிராய்டரி வாங்கினேன், நடுவுல வெள்ளையா ஒரு கொக்கு, சீன ராணி உடுப்புல இருந்து எடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னார், நம்பலாமா, பிரேம் போடலாமா?

ராணியோடது இல்லைங்க. சதுரம்னு சொன்னீங்க பாருங்க, அங்கயே தெரிஞ்சுபோச்சு. சீனாவ ஆண்ட சிங் வம்சத்துல (1644–1912) அந்தஸ்தக் காட்ட உடுப்போட மார்லயும் முதுகுலயும் முத்திரை தச்சுக்குவாங்க. பேரரசர், ராணி, அவங்க நெருங்கின சொந்தம் இவங்களுக்கெல்லாம் டிராகன் போட்ட வட்ட முத்திரை, அதிகாரிங்களுக்கும் அவங்க மனைவிங்களுக்கும்தான் சதுரம். சிவில் ஆளுங்கன்னா பறவை, படைக்காரங்கன்னா மிருகம், மொத்தம் 9 பதவிப் படி, 1 தான் உசந்தது. மயில் 3, காடை 8, படைக்காரங்க பக்கம் சிங்கம் 2, புலி 4, இப்படிப் போகும். மனைவிக்குன்னு தனிப் படி எதுவும் இல்ல, புருஷன் எந்தப் படியோ அதே பறவையத்தான் கை இல்லாத, கீழ குஞ்சம் தொங்குற ஒரு மேலங்கியில தச்சுப் போட்டுக்குவாங்க.

இப்ப கொக்குக்கு வருவோம். நமக்கு எல்லாமே கொக்குதான், ஆனா அங்க 1-ம் படிக்கு ஒரு கொக்கு, 6-ம் படிக்கு வேற கொக்கு. லென்ஸ் வச்சு உச்சந்தலையப் பாருங்க, சிவப்பா பொட்டு மாதிரி இருந்தா அது பெரிய கொக்கு, 1-ம் படி, முழு வெள்ளையா இருந்தா 6. அப்படியே பறவையச் சுத்தி ஓரத்தையும் பாருங்க, தனியா தச்சு ஒட்ட வச்ச மாதிரி இருந்தா பயந்துடாதீங்க, போலின்னு அர்த்தம் இல்ல. அந்த வம்சத்தோட கடைசி காலத்துல பறவை இல்லாத சதுரத்த ரெடிமேடா வாங்கி, பிரமோஷன் வந்தா பறவைய மட்டும் மாத்திக்கிட்டாங்க, செம கெட்டிக்காரத்தனம்!

நடுவுல மேலருந்து கீழ ரெண்டா பிரிஞ்சிருந்தா முன்பக்கத்துது, முழுசா இருந்தா முதுகுப்பக்கம். ஆணோடதா பெண்ணோடதான்னு சொல்றதுதான் கஷ்டம். புருஷனும் மனைவியும் ஜோடியா உக்காந்தா பறவைங்க ஒண்ண ஒண்ணு பாக்கணும்னு மனைவியோட பறவைய எதிர்ப்பக்கம் பாக்குற மாதிரி போடுற வழக்கம் உண்டு, ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. இன்னொண்ணு, கல்யாணத்தன்னிக்கு மட்டும் சாதாரண வீட்டுப் பொண்ணும் இந்த மேலங்கி போட்டுக்கலாம், அதனால அது ஒரு கல்யாணப் பொண்ணோடதாவும் இருக்கலாம்.

பிரேம் தாராளமா போடுங்க, ஆனா துவைக்கவே கூடாது, ஏன்னா அந்தத் தங்க நூல் பொதுவா பட்டு நூல் மேல தங்கத் தகடு ஒட்டின பேப்பரச் சுத்தினது, தண்ணி பட்டா போச்சு. கண்ணாடி துணியில ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க, வெயில் படாத சுவரா பாத்து மாட்டுங்க.