சாக்குப் பையோடு தீவுக்கு

அன்புள்ள ஐயா,

மன்னார் வளைகுடாத் தீவுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் எட்டுப் பேர், சென்னையில் ஐடி வேலை. மாதம் ஒரு ஞாயிறு ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் படகு பிடித்துப் போய் ஒரு தீவைச் சுத்தம் செய்யலாம் என்று திட்டம். எப்போது கடல் அமைதியாக இருக்கும்? அனுமதி வேண்டுமா? அப்படியே அங்கே கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு விழிப்புணர்வும் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம்.

ர., சென்னை

அன்புள்ள ர.,

அந்த விழிப்புணர்வு மட்டும் இல்லாமல் இருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். சில நாளாகவே இந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது, நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

அனுமதி வேண்டும். 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கடல் எப்போது அமைதி என்பதைப் படகுக்காரரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படிப் போனவன்தான். ஒரே நிற டீ-சர்ட், தொப்பி, கட்டுக்கட்டாகச் சாக்கு. கரையில் காய்ந்து மெத்தை போலக் குவிந்திருந்த கடல்புல்லைக் குப்பை என்று நினைத்து மூன்று சாக்கு நிறைய அள்ளினோம். அது மணலைப் பிடித்து வைத்திருக்கும் போர்வை என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பழைய வலை கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். பக்கத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்தினார்: "எப்பா, இழுக்காதீகப்பா! கல்லும் சேந்து வந்துரும்!"

கல் என்று அவர் சொன்னது பவளப்பாறையை. எங்கள் கையில் ஏற்கெனவே மான்கொம்பு போல ஒரு துண்டு வந்திருந்தது. அவர் எங்கள் படகுக்காரரிடம் கத்தியை வாங்கி, மூச்சுப் பிடித்து மூழ்கி, ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வலையை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் வலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் அதில் இல்லை.

இவருக்கா விழிப்புணர்வு கொடுக்கப் போகிறீர்கள்?

கோபம் உங்கள் மேல் இல்லை, ர. சரி, கொஞ்சம் இருக்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் அந்தப் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டார்கள். பாசி மறுபடி வளரக் கொஞ்ச காலம் கடலில் இறங்காமலும் இருந்தார்கள். கூலி இல்லாத நாளை யாராவது பேனரில் போடுவார்களா? எட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் தன்னார்வலர், அவர்கள் வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டால் அத்துமீறி நுழைந்தவர்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் இருந்தன. இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்து போனது. குருசடைத் தீவின் பவளத்தை மூடிய கப்பாஃபைகஸ் பாசியும் வளர்ப்புக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்ததுதான். இரண்டையும் செய்தது பாசி பறிக்கும் கை அல்ல. இதற்கு மேல் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள். எட்டுப் பேர் போங்கள், எண்பதாக்க வேண்டாம். பாசி எடுப்பவர்கள் வாழும் சின்னப்பாலத்திலோ பாரதி நகரிலோ அந்தப் பெண்களில் ஒருவரை ஒரு நாள் கூலி பேசி உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எதை அள்ளுவது, எதைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லட்டும். நங்கூரத்தை மணலில் போடச் சொல்லுங்கள். படகு பேசும்போது வாடகையோடு சேர்த்து நல்ல கத்தி ஒன்று இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.