குப்பையைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தும் மாணவர்கள் ஏன் பிரிப்பதில்லை?

தேர்வில் சரியாக எழுதுகிறார்கள், வகுப்பை விட்டு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறார்கள் என்கிறீர்கள். அறிவுக்கும் பழக்கத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி ஆய்வாளர்களுக்குப் பழகியதுதான். உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஒன்றைச் செய்யும் எண்ணத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நம் மனப்பான்மை, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. பாடம் பெரும்பாலும் முதலாவதைத்தான் தொடுகிறது. தனித்தனித் தொட்டியே பக்கத்தில் இல்லையென்றால் மூன்றாவது அடிபட்டுப்போகும்.

சரி, என்ன செய்யலாம்? வகுப்பின் ஒரு நாள் குப்பையைக் கையுறை போட்டுக்கொண்டு பிரித்து, வகைவாரியாக எடை போடச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அப்புறம் சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.