படத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள்

வணக்கம் சார்,
மானாமதுரைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் 38 மாவட்டங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். போன வாரம் "வடக்கு எங்கே, காட்டுங்க" என்றேன். பாதிப் பேர் கையைத் தூக்கி மேலே கூரையைக் காட்டினார்கள். நான் எங்கே தப்பு செய்கிறேன்?
- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் பார்த்ததைத்தான் காட்டியிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது! முதல் வேலையாக அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கும் நம் வடக்கும் ஒரே பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். மானாமதுரையில் ஒரு விரல், மதுரையில் ஒரு விரல். மதுரை நிஜமாகவே அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்கே பிடிபடும். மாவட்டப் பெயர்கள் அப்புறம் வந்து ஒட்டிக்கொள்ளும், அதற்கு அவசரமே இல்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியையும் வரையச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, நாய் குரைக்கும் வீட்டைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாள். அதைத் திருத்தக் கூடாது. மறுநாள் அதே வழியைக் காலடியால் எண்ணிக்கொண்டு வரச் சொன்னால் போதும், அளவு என்றால் என்ன என்பது அங்கேதான் தொடங்குகிறது.

சரி, உங்கள் ஊரில் கண்மாய் இருக்குமே. ஒரு நாள் கரைக்குக் கூட்டிப் போங்கள். வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மடையைத் திறந்தால் யார் வயலுக்குப் பாயும், நிறைந்து கலுங்கு தாண்டினால் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்பதையெல்லாம் வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மேடு பள்ளம் புரிந்த பிள்ளைக்கு வைகை கஷ்டமே இல்லை. வருசநாட்டு மலையில் பிறந்து மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று இறங்கி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிற ஆறு. மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் கட்டி முடித்த அணையில் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி வைகையில் சேர்த்த கதையையும் சொல்லுங்கள். ஈரமணலைக் குவித்து, குச்சியால் துளை போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். நாலாம் வகுப்புக்கு இது நிச்சயம் புரியும்.

வடக்கைக் கண்டுபிடிக்கக் கொடிக்கம்பமே போதும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு நாள், பதினொன்றரையிலிருந்து நிழலின் நுனியில் கல் வைத்துக்கொண்டே வாருங்கள். எந்த நிழல் மிகக் குட்டையோ அதுதான் வடக்கு தெற்குக் கோடு. பன்னிரண்டேகாலுக்குக் கொஞ்சம் பிறகு வரும், ஏனென்றால் நம் கடிகாரம் அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) பக்கம் ஓடும் 82½ பாகைக் கோட்டுக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அந்த நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அதே கம்பத்தின் உச்சிவேளை நிழல் வடக்கே, இரண்டு மடங்குக்கும் மேல் நீளமாக விழும். கற்களை எடுத்துவிடாதீர்கள், வாரம் ஒன்று வைத்துக்கொண்டே வரட்டும். நடுவில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு மதியம் உங்கள் ஊரில் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அன்றைக்குச் சத்துணவு மணி அடிக்கும் முன்பே எல்லா வகுப்பையும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.