நீண்ட இடைவெளிக்குப் பிறகு மோட்டார்சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பல வருடம் கழித்துத் திரும்ப பைக் ஓட்ட வருகிறவர்களை ஏமாற்றுவது அவர்களுடைய கைதான். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பேலன்ஸ் வந்துவிடும், கியர் தானாக விழும். ரோட்டைக் கவனிக்கும் கண் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் கடைசியில் அங்கேதான் போய் நின்றன.

மகள் பிறந்ததும் பைக்கை விற்றேன். இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். என் 2பி லைசென்ஸ் (200 சிசி வரை ஓட்டலாம்) அப்படியே இருக்கிறது. நேராக ஒரு பைக் வாங்கி ஓட்ட ஆரம்பிக்கலாமா? (ஈசூன் வாசகர்)

லைசென்ஸ் 65 வயது வரை செல்லும். இடையில் ரத்தாகாமலும் முடக்கப்படாமலும் இருந்தால் சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆனாலும் பைக் கடைக்குப் போவதற்கு முன்னால் பயிற்சிப் பள்ளிக்குப் போங்கள். புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ், எது பக்கமோ அங்கே போய், லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மறுபயிற்சி வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள்.

அங்கே பிளாங்க் என்னும் குறுகிய பலகை மேல் ஏறும்போதே உங்கள் நிலைமை உங்களுக்குத் தெரிந்துவிடும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் விழுவீர்கள். பிளாங்க் முடியும் இடத்தைத் தாண்டிப் பார்வையை வையுங்கள், கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொள்ளுங்கள், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி மெதுவாக ஊர்ந்து போங்கள். எட்டு வடிவில் சுற்றும் ஃபிகர் எய்ட், சட்டென்று திரும்பும் மூலைகள் உள்ள கிராங்க் கோர்ஸ் எல்லாவற்றுக்கும் இதேதான். ரோட்டில் நெரிசலிலும் கார்பார்க் வளைவிலும் தேவைப்படுவதும் இந்த மெதுவோட்டம்தான்.

அப்புறம் கண். இத்தனை வருடமும் கார் ஓட்டியிருந்தால், முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே பழகியிருப்பீர்கள். பைக்கில் அது போதாது. பச்சை விளக்கில் நீங்கள் நேராகப் போகிறீர்கள், எதிரே ஒரு கார் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பவே நம்பாதீர்கள். காரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் ஒன்றே ஒரு மோட்டார்சைக்கிளை மறைத்துவிடும். ஹெட்லைட் எந்நேரமும் எரிய வேண்டும் என்பது இங்கே சட்டம், அது உதவும். ஆனால் ஒற்றை விளக்காக வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது யாருக்கும் கஷ்டம். அவருடைய முகத்தைத் தேடாமல் காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்குவது முதலில் அங்கேதான் தெரியும். அந்தச் சந்திப்புக்குள் நுழையும் முன்பே விரல் பிரேக் மேல் இருக்கட்டும்.

முதல் சில வாரம் ஞாயிறு காலையில், வீட்டுப் பக்கத்து ரோடுகளில் மட்டும் ஓட்டுங்கள். விரைவுச்சாலை காத்திருக்கட்டும்.

மச்சான் தன் பைக்கைத் தருகிறேன் என்கிறார். இரண்டு வருடமாகத் திறந்தவெளி கார்பார்க்கில் ஓடாமல் நிற்கிறது. டயரில் பட்டை நன்றாக இருக்கிறது. பேட்டரி மாற்றினால் போதும் என்கிறார். (ஜூரோங் வாசகர்)

போதாது. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டை ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் நின்று ரப்பர் இறுகிப் போயிருந்தால், மழையில் அந்த டயருக்குப் பிடிப்பு இருக்காது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஓரங்களில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலும் மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடானதும் லிவர் தொளதொளவென்று ஆகிவிடும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள், செயினைப் பாருங்கள். ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனை எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று மச்சானிடம் கேட்டுவிட்டு அப்புறம் சாவியை வாங்குங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி வீசிவிடும் என்று சின்ன வயதிலிருந்தே பயம். பின் பிரேக் மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

சமாளிக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னுக்குப் போகிறது. அப்போது ரோட்டைக் கெட்டியாகப் பிடிப்பது முன் டயர்தான், பின் டயர் லேசாகி எளிதில் வழுக்கும். தூக்கி வீசுவது முன் பிரேக்கைச் சடாரென்று பறித்தால்தான். முதலில் மெல்லத் தொடுங்கள், முன் ஷாக் கீழே அமுங்குவது கையில் தெரியும், அமுங்கியதும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். வண்டி நிமிர்ந்து நேராக இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். யோசித்துக்கொண்டே அவ்வளவு தூரத்தையும் விட்டுவிட முடியாது, கை தானாக வேலை செய்ய வேண்டும். அதற்குப் பள்ளியின் சர்க்யூட்டில் எமர்ஜென்சி பிரேக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வாங்கும் பைக்கில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் நல்லது. அப்போதும் இந்தப் பழக்கம் வேண்டும்.

ஹேண்டில்பாரில் ஐயூ (சாலைக் கட்டணம் கழிக்கும் கருவி) இருந்த இடத்தில் இப்போது ஏதோ திரை இருக்கிறதே? (தோ பாயோ வாசகர்)

அது ஓபியு, ஐயூவுக்குப் பதிலாக வந்த புதிய கருவி. 2023 கடைசியில் பொருத்த ஆரம்பித்தார்கள். கிளம்பும் முன்பே கார்டை அதில் செருகிவிடுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) எந்த பைக்குக்கும் ஒன்றுதானே, பெரிய பைக் ஓட்டும் கிளாஸ் 2 லைசென்ஸும் இருக்கிறது. 1000 சிசி வாங்கலாம் என்று இருக்கிறேன். ஓட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

வேண்டாம், இப்போது வேண்டாம். சிஓஇ ஒன்றுதான். ஆனால் 2017 முதல் கூடுதல் பதிவுக் கட்டணம் வண்டி விலையைப் பொறுத்து ஏறுகிறது, அதனால் கணக்கு நீங்கள் நினைப்பதுபோல இருக்காது. பணத்தை விடுங்கள். கையில் பழைய வேகம் இருக்கிறது, கண்ணில் இல்லை. இந்த நிலையில் லேசாக முறுக்கினாலே பாயும் வண்டி ஆபத்து. ஒரு வருடம் 200 சிசியில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

நண்பர்களோடு வார இறுதியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லையைக் கடக்கும் காஸ்வே சாலையில் மணிக்கணக்காக ஊர்ந்து கிளட்ச் கை களைத்திருக்கும், அதற்கு அடுத்து 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கும் நெடுஞ்சாலை வரும். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் வேகம்தான் உங்கள் வேகமாகிவிடும். அதையும் தள்ளிப் போடுங்கள்.

மழை வந்தால் என்ன செய்வது? (செங்காங் வாசகி)

வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுங்கள். மழை தொடங்கும் முதல் சில நிமிடம்தான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போது வழுவழுவென்று மிதந்து வரும். வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, ரோடு வேலை நடக்கும் இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, இவற்றின் மேல் சாய்ந்து திரும்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். நேராகக் கடந்துவிட்டுத் திரும்புங்கள்.

விரைவுச்சாலையில் மேம்பாலங்களுக்குக் கீழே மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்றே ஒதுங்கும் இடம் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் போகும் வழியில் அவை எங்கே இருக்கின்றன என்று வெயில் நாளிலேயே பார்த்து வையுங்கள். சாலையோரத்தில் கண்ட இடத்தில் நிற்காதீர்கள், பின்னால் வரும் லாரிக்கு மழையில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை, முடிந்த நாட்களில் எம்ஆர்டி ரயிலில் போய்விடுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. திரும்ப பைக் ஓட்டப் போகிறேன் என்கிறார். அம்மா அழுகிறார். நான் தடுக்கட்டுமா? (பொங்கோல் வாசகி)

தடுத்தால் சொல்லாமல் ஓட்டுவார். அதைவிட, அவரோடு உட்கார்ந்து சிலவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள். முதலில் மறுபயிற்சி வகுப்பு. அடுத்து கண் பரிசோதனை, முக்கியமாக இரவில் எதிர் விளக்கு கூசுகிறதா என்று. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுக்கிறார் என்றால் மருத்துவரிடம் பைக் ஓட்டப்போவதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சளி மாத்திரை சாப்பிட்ட அன்று சாவியைத் தொடக் கூடாது, அதில் பலவும் தூக்கம் வரவழைக்கும்.

அம்மாவைப் பின்னால் உட்கார வைப்பது கொஞ்ச மாதத்துக்கு வேண்டாம், இன்னொருவர் எடை ஏறினால் பிரேக், திருப்பம் எல்லாமே மாறும். பேரப்பிள்ளை பத்து வயதுக்குக் கீழே என்றால் பின்னால் ஏற்றுவதே சட்டவிரோதம்.

பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். பழையது அலமாரியில் இத்தனை வருடம் இருந்ததில் உள்ளே நுரை பாழாகியிருக்கும். அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். அங்கீகார ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், மாட்டிக்கொண்டு தலையை ஆட்டச் சொல்லுங்கள், கன்னத்தின் தோலும் கூடவே நகர்ந்தால் அதுதான் சரியான அளவு. பணம் மிச்சம் இருந்தால் கையுறை, கணுக்கால் மூடும் ஷூ. செருப்போடு மட்டும் அவரை வண்டியில் ஏற விடாதீர்கள், கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் சரி.